எழுபத்தொன்றாவது நிமிடம்

நீரோடியில் நின்று ஓங்கி உதைத்தால்
பந்து பொழியூரில் விழும்.
எடுக்கப் போகிறவன்
ஒரு மாநிலம் தாண்டித் திரும்புவான்,
காலில் அதே மணலோடு.

அங்கேதான் ஆன்சல் கோலடித்தான்.
கோலி நான்.
இரண்டு நங்கூரக் கல்லுக்கு நடுவே
நான் பட்ட அவமானமெல்லாம்
அவன் இடது காலிலிருந்து வந்தவை.
கடலுக்குள் போன பந்தையும் கோல் என்பான்.
அலை திருப்பிக் கொடுத்தால்
"ரெண்டு" என்பான்.

பதினெட்டு வயதில் லீக்கில் எடுத்தார்கள்.
ஆழ்கடலில் சுறாவுக்குத் தூண்டில் போட்டிருந்த
அவன் அப்பா ததேயூசுக்கு
வயர்லெஸ்ஸில் சேதி எட்ட இரண்டு நாள்.
ஒப்பந்தத் தாளை
நாலு பேர் நாலு தடவை எண்ணினோம்.
பூஜ்யங்கள் குறையவில்லை.

அந்த கிளப்பில் எல்லாம் இருந்தது.
ஆட்டம் முடிந்து கால் முக்க ஐஸ் தொட்டி
(நான் வேலை செய்யும் பிளாண்டில்
மீனுக்கு மட்டும்தான் அந்த மரியாதை).
புல்லுக்குத் தனியாக ஒரு டாக்டர்.
ஒன்பதாம் எண் பனியனும் இருந்தது,
அதற்குள் ஏற்கெனவே
ஒரு செர்பியாக்காரன் இருந்தான்.

"வேகமிருக்கு, ரைட் பேக் ஆடு" என்றார் கோச்.
இடதுகாலன் வலது ஓரத்துக்குப் போனான்.
முதலாளிக்குத் தோற்க நேரமில்லை.
பையன் ஒருத்தன் தவறித் தவறிப் பழக
பதினைந்து மேட்ச் வேண்டும்,
கோச்சுக்கு மூன்றாவதிலேயே விமான டிக்கெட்.
பக்கத்து கிளப்பில் பிரேசில்காரன்,
அதற்கடுத்ததில் கானாக்காரன்.
சீசன் முழுக்க எந்த மைதானத்திலும்
கோல் வாயில் நம்மவன் நிழல் விழவில்லை.

அவர்களைக் குறை சொல்லக் கூடாது.
அந்த செர்பியாக்காரன் தங்கமானவன்.
ஆன்சலின் தங்கை கல்யாணத்துக்கு வந்து
நெத்திலி அவியல் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

ஏழு வருடம்.
பந்தைப் பறி, தலை தூக்கு,
அவனைத் தேடு, கொடு.
பறி, தூக்கு, தேடு, கொடு.

நேற்று ராத்திரி நாட்டுக்கான ஆட்டம்.
குருசடி முன்னால் வேட்டி கட்டித் திரையாக்கினோம்.
புரொஜக்டர் பொழியூர்க்காரர்களுடையது,
கரண்ட் நம்முடையது.
எதிரே, நம் ஒரு தாலுகாவைவிடச்
சின்னதான ஒரு தீவு.
செர்பியாக்காரனும் பிரேசில்காரனும் கானாக்காரனும்
அவரவர் ஊரில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

கோலடிக்க ஆளில்லை என்றானதும்
எழுபத்தொன்றாவது நிமிடம்
ஆன்சலை முன்னால் தள்ளினார்கள்.
பழைய ஃபைல் எதிலோ
அவன் யாராக இருந்தான் என்று
யாரோ படித்திருக்க வேண்டும்.

பந்து வந்தது.
இடது காலுக்கே வந்தது.
அந்த ஊர்க் கோலி வழுக்கி விழுந்து கிடந்தான்,
அவன் வாய்க்குள் போன மண்ணின் ருசி எனக்குத் தெரியும்.
எட்டடி தூரம். திறந்த வலை.
சைமன் வெடிக்குத் திரி கொளுத்திவிட்டான்.

ஆன்சல் தலை தூக்கினான்.

தேடினான்.

ஒரே ஒரு நொடி ஆக்கும்.
கேமரா அவன் முகத்தைக் கிட்டத்தில் காட்டியது:
பெரிய வீட்டுக் கேட்டில் நின்று
"ஐயா இருக்காரா" என்று கேட்கிறவனின் முகம்.
"லேய், அடி!" என்று நான் கத்தியது
வேட்டியில் பட்டுத் திரும்பியது.

யாருமில்லாத இடத்துக்கு
மிக அழகாக ஒரு பாஸ் கொடுத்தான்.
அப்புறம்தான் வெடி வெடித்தது.

டிவியில் கோட் போட்டவர்கள்
பசியில்லை என்றார்கள், வெறியில்லை என்றார்கள்,
உயரம், உடம்பு, சாப்பாடு, ரத்தம்
என்று ஒவ்வொன்றாகத் தோண்டினார்கள்.
பொழியூர்க்காரர்கள் வயரைச் சுருட்டினார்கள்.

ராத்திரி இரண்டு மணிக்கு
அவனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்.
முதலில் வெறும் மூச்சு.
பிறகு:
"அலை இருந்திருந்தா
திருப்பிக் குடுத்திருக்கும்லே."

விடியும்வரை ஐஸ் உடைத்தேன்.
கை மரத்துப்போய் எழுத்துத் தட்ட வரவில்லை.
ஒரு எண் மட்டும் அனுப்பினேன்.
ரெண்டு.